துறைமுக ஊருக்கு ஐம்பத்தைந்து நிமிடம்

எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறந்துபோக எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையதளம் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். அதை வைத்து அவருடைய மச்சான் 'கிலோமீட்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார். அது மனைவிக்குப் பரவியது. மனைவி ஒரு நாள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து "கிலோமீட்டர் இருக்காரா?" என்று கேட்டுவிட, முதலாளிக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சம் இருந்தது.

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு மேசை, மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலி வருகிறவர்களுக்கு. யாரும் வராததால் அதில் முதலாளியின் ஹெல்மெட் உட்கார்ந்திருக்கும். கீழே கண் சோதனைக்கு வந்தவர்கள் எழுத்துகளைத் தப்புத் தப்பாகப் படிப்பது மாடிவரை கேட்கும்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நேர்க்கோட்டுத் தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுக்க வேண்டும். வருகிற விடையோடு, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி நேரம் சேர்க்க வேண்டும். அந்த அரை மணிக்கு முதலாளி 'கொசுறு' என்று பெயர் வைத்திருந்தார். "கொசுறு போட்டீங்களா?" என்று கேட்பார். போட்டாயிற்று என்றால் பக்கம் சரி. கிலோமீட்டர் அதுவரை விமானத்தில் ஏறியதே கிடையாது. முதலாளி ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறார். கதவை மூடியதும் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி இறங்கிவிட்டார்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பிழை இருந்தால் தெரிவிக்கவும்' என்று ஒரு தொலைபேசி எண் இருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் பிழை தெரிவிக்கவில்லை. பிழையே இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று முதலாளி பெருமைப்பட்டுக்கொள்வார். படிக்கிறவர்களே இல்லை என்பது கிலோமீட்டரின் சந்தேகம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை தொலைபேசி அடித்தபோது இரண்டு பேருமே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதலாளி கண்ணைக் காட்ட, கிலோமீட்டர் எடுத்தார்.

"துறைமுக ஊருக்குப் போற விமானத்தைப் பத்தி எழுதினது யாருங்க?" பெண் குரல். நிதானமாக இருந்தது.

"நான்தாங்க."

"அம்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. கணக்குப் பண்ணித்தான் போட்டோம்."

"அதை ஒன்றரை மணி நேரமா மாத்த முடியுமா சார்?"

கிலோமீட்டர் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினார். "அவ்வளவு நேரம் ஆகாதுங்களே மேடம்."

"ஆகாதுன்னு எனக்கும் தெரியும் சார். அந்த விமானத்தை ஓட்டுறதே நான்தான்."

கிலோமீட்டர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். முதலாளியும் என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றார்.

விமானி விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், மூன்று வயது. அவள் வேலைக்குப் போகும்போது மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். மாமியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுக ஊரிலிருந்து திரும்பிக் கிளம்பும்போது விமானி தினமும் 'கிளம்பறோம் அத்தை' என்று ஒரு செய்தி அனுப்புவாள். அது வந்ததும் டீச்சர் கைப்பேசியில் இந்தப் பக்கத்தைத் திறப்பார். ஐம்பத்தைந்து நிமிடம். அதோடு காரில் வீட்டுக்கு வர அரை மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம் தாண்டினாலும் வாசலில் நின்று, "வழியில யாரைப் பாத்தே?" என்று கேட்பார்.

"உங்க பக்கம் ஒண்ணுதான் சார் தமிழ்ல இருக்கு. அவங்க வேற எதையும் நம்ப மாட்டேங்கிறாங்க. நான் சொன்னா, 'உனக்கு என்ன தெரியும், இதுல போட்டிருக்கு பாரு'ங்கிறாங்க."

தன் எழுத்தை ஒருவர் தினமும் படிக்கிறார், விமானியின் பேச்சைவிட அதிகமாக நம்புகிறார் என்று கேட்டதும் கிலோமீட்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொடுத்திருப்பார். முதலாளி சாப்பிடப் போனதும் ஐம்பத்தைந்தை அழித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் என்று போட்டார்.

மறுநாள் காலை மறுபடியும் தொலைபேசி அடித்தது. இந்தக் குரலுக்கு மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் பழக்கம் இருந்தது.

"தம்பி, துறைமுக ஊர் எங்கயாவது நகர்ந்துபோயிடுச்சா?"

"இல்லைங்களே அம்மா."

"நேத்து வரைக்கும் அம்பத்தஞ்சு நிமிஷத்துல இருந்துச்சு. இன்னைக்குப் பாத்தா ஒன்றரை மணி நேரத்துக்குத் தள்ளிப் போயிருக்கு. பூகம்பம் கீகம்பம் ஏதாவது வந்துச்சான்னு கேக்குறேன்."

"காத்துங்கம்மா," என்றார். "எதிர்க்காத்து."

"போகும்போதா, வரும்போதா?"

அவ்வளவு தூரம் அவர் யோசித்திருக்கவில்லை. "போகும்போது."

"அப்ப வரும்போது அதே காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளும். வர்ற நேரம் குறையணுமே. நூறு மீட்டர் ஓட்டத்துல பின்காத்து அடிச்சா நான் பசங்களோட நேரத்தையே ஒத்துக்க மாட்டேன் தம்பி. என்கிட்ட காத்துக் கதை வேணாம்."

நியாயமாகத்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல் அவர் போக ஒன்றரை மணி நேரம், வர நாற்பது நிமிடம் என்று மாற்றினார். டீச்சர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லா இருங்க," என்று ஃபோனை வைத்தார்.

மாலையில் விமானி கூப்பிட்டாள்.

"சார், காப்பாத்துங்கன்னு வந்தா கழுத்தை அறுத்துட்டீங்களே. முன்னாடி இருந்த பதினஞ்சு நிமிஷமும் போச்சு."

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உண்மையிலயே வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"



"அம்பத்தஞ்சு நிமிஷம்தான் ஆகும்," என்றாள். "வந்து இறங்கி, எழுத வேண்டியதை எழுதிக் குடுத்துட்டு, கார்ல போய் உக்காருவேன். கதவைச் சாத்திக்குவேன். முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் சும்மா இருப்பேன். அவ்வளவுதான் சார். வேற ஒண்ணும் இல்லை. மேல இருக்கும்போது நூத்தம்பது பேரு. வீட்டுக்குப் போனா ரெண்டு பேரு, ஆனா அந்த ரெண்டு பேரு நூத்தம்பதுக்குச் சமம். நடுவுல அந்தக் காருதான் எனக்கு."

கிலோமீட்டருக்கு மனசு கேட்கவில்லை. வரும் நேரத்தை ஒரு மணி இருபது என்று ஆக்கினார். கீழே 'மேகம், ஓடுபாதை நெரிசல் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

அடுத்த நாள் டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, சன்னலைத் திறந்து பாத்தேன். மேகம் ஒரு துண்டு இல்லை." நேரம் இறங்கியது. விமானி கூப்பிட்டாள். ஏறியது. டீச்சருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய பழைய தோழிகள் மாலையில் இறகுப்பந்து ஆடுகிறார்கள். மருமகள் வந்து பிள்ளைகளைக் கையில் வாங்கினால்தான் அவர் மட்டையை எடுக்க முடியும். ஒவ்வொரு நாளும் அவர் போய்ச் சேரும்போது ஆட்டம் முடிந்து, தோழிகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். "நான் போயி வலையைச் சுருட்டிக் குடுத்துட்டு வர்றேன் தம்பி. அதுக்கு ஒரு மட்டை வேற கையில."

"உங்க மகன் வீட்ல இல்லையாம்மா?"

"இருக்கானே. வீட்டுல இருந்துதான் வேலை பாக்குறான். காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு கதவைச் சாத்திக்குவான். நெருப்புப் பிடிச்சா நாமதான் போய்த் தட்டிச் சொல்லணும்."

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கிலோமீட்டர் மத்தளம் மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டார். அவரைப் போல ஊரைக் கிட்டத்தில் இழுத்தும் தள்ளியும் விளையாடியவர் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

இதற்கிடையில் முதலாளி வேறொன்றைக் கவனித்தார். மற்ற பக்கங்களை எல்லாம் ஈ, காக்கை எட்டிப் பார்க்காதபோது துறைமுக ஊர்ப் பக்கத்தை மட்டும் ஒரே நாளில் நாற்பது தடவை, ஐம்பது தடவை திறந்து பார்த்திருந்தார்கள். அந்த ஐம்பதும் டீச்சரின் கட்டைவிரல் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

"கிலோமீட்டர், துறைமுக ஊர் பிச்சுக்கிட்டு ஓடுது. ஏதோ பெரிய தொழிற்சாலை வருது போல. இதை விடக் கூடாது."

அந்தச் சமயம் பார்த்து டீச்சரின் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கி தேவையில்லாமலே முதலாளிக்கும் கேட்டது.

"தம்பி, உங்க கணக்கு எனக்குச் சரியா வரலை. புதன்கிழமை நானே ஏறி அளக்கப் போறேன். போற விமானமும் வர்ற விமானமும் ரெண்டுமே என் மருமக ஓட்டுறதுதான். அவளுக்குச் சொல்லலை. நீங்களும் வரணும். சாட்சி வேணும்."

"அம்மா, டிக்கெட்டு..."

"எடுத்துத் தர்றேன்," என்றார் முதலாளி, கையைத் தூக்கி. "நேரடி அனுபவம்னு தலைப்புப் போட்டு எழுதிடலாம். போயிட்டு வாங்க. கதவு மூடும்போது மட்டும் கண்ணை மூடிக்குங்க."

கிலோமீட்டர் விமானியை எச்சரிக்க மூன்று தடவை முயன்றார். அவள் வானத்தில் இருந்தாள். பூமிக்கு வந்தபோது காரில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை.

புதன்கிழமை விமான நிலையத்தில் டீச்சரைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. வெள்ளை கான்வாஸ் ஷூ, தொப்பி, முகத்தில் பாதியை மூடும் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். மறைந்திருக்க வேண்டும் என்று மெனக்கெட்டு, போகிற வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நின்றார்.

"யாராவது கேட்டா நீங்க என் தம்பி," என்றார். "உடம்பை நிமித்தி நில்லுங்க. என் தம்பி கூன் போட மாட்டான்."

விமானத்துக்குள் விமானியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. டீச்சர் முகத்துக்குக் கைப்பையைப் பிடித்தபடி குனிந்து ஓடினார். பின்னால் வந்தவர்கள் ஏதோ ஆபத்து என்று நினைத்துத் தாங்களும் குனிந்து போனார்கள். சன்னலோர இருக்கையில் டீச்சர் உட்கார்ந்து, கட்டைவிரலை ஸ்டாப்வாட்ச்சின் பொத்தானில் வைத்தார். அப்போதுதான் பிரச்சினை முளைத்தது.

"தம்பி, எப்ப அமுக்கணும்?"

"கதவு மூடினதும்னு நெனைக்கிறேன்."

"கதவு மூடினா பயணம் ஆயிடுமா? வீட்டுல கூடத்தான் கதவு மூடுறோம். நகர ஆரம்பிச்சதும் அமுக்கலாமா?"

"தரையை விட்டு எழும்பும்போதுதான் பறக்குறதுன்னு..."

"அப்ப தரையில ஓடுற நேரம் யார் கணக்குல? ஓட்டப்பந்தயத்துல துப்பாக்கி வெடிச்சா ஆரம்பம். இதுல எது துப்பாக்கி?"

கேட்டுக்கொண்டிருந்த முன் வரிசைக்காரர் கதவுதான் என்றார். அவருடைய மனைவி, சக்கரம்தான் என்றார். அவர்களுக்குள் அது வேறு எதையோ பற்றிய பழைய சண்டையாக மாறிவிட்டது. பெல்ட் போடச் சொல்ல வந்த பணிப்பெண்ணை டீச்சர் நிறுத்தினார்.

"நீ சொல்லும்மா. பயணம் எப்ப ஆரம்பம்?"

"எனக்கு விடியக்காலைல அலாரம் அடிக்கும்போதே ஆரம்பம்மா," என்றாள் அவள். "பெல்ட்டைப் போடுங்க."

இந்தக் குழப்பத்தில் விமானம் எழும்பியே விட்டது. கிலோமீட்டர் பயத்தில் டீச்சரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கையை உதறினார். அவருக்கு அந்தக் கட்டைவிரல் வேண்டியிருந்தது.

துறைமுக ஊரில் இறங்கியபோது கிலோமீட்டர், முன் வரிசைக்காரர், அவருடைய மனைவி என்று மூன்று பேரிடம் மூன்று விடைகள் இருந்தன. டீச்சர் எதையும் ஏற்கவில்லை. அங்கே அரை மணி நேரம் கண்ணாடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு அதே விமானத்தில் திரும்ப ஏறினார்கள். இந்தத் தடவை சக்கரம் தரையை விடும்போது அமுக்குவது, தொடும்போது நிறுத்துவது என்று தீர்மானம் ஆகியிருந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, சொந்த ஊரை நெருங்கும் வரைக்கும். டீச்சர் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கீழ ஒரு விளையாட்டு மைதானம் தெரியுது. ஓடுதளத்துக்கு நல்ல சிவப்பு மண்ணு போட்டிருக்காங்க."

சற்று நேரம் கழித்து, "இன்னொரு மைதானம். இதுலயும் சிவப்பு மண்ணு."

அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகத் திரும்பினார். "தம்பி, அது ஒரே மைதானம். வேணும்னே சுத்துறா."

அப்போது ஒலிபெருக்கியில் விமானியின் குரல் வந்தது. ஓடுபாதைக்கு முன்னால் நான்கு விமானங்கள் வரிசையில் இருப்பதாகவும், தங்களுக்கு முறை வரும்வரை வட்டமிட வேண்டியிருப்பதாகவும், கவலைப்பட ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள். விமானத்துக்குள் முணுமுணுத்தவர்கள் எல்லாம் அடங்கி, கையில் இருந்த புத்தகத்துக்குத் திரும்பினார்கள்.

டீச்சர் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அவ குரலா? வீட்டுல, பல் தேய்க்க வாங்கடான்னு கத்துறதைத்தான் நான் கேட்டிருக்கேன். ஒத்த வார்த்தையில நூத்தம்பது பேரையும் உக்கார வெச்சுட்டாளே. எனக்கு விசில் இல்லாம அது வந்ததில்லை."

இறங்கியதும் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. "சரி, இன்னைக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆயிடுச்சு," என்று மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். கிலோமீட்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். அதற்குள் டீச்சர் ஸ்டாப்வாட்ச்சை மறுபடியும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"இது பாதிதான் தம்பி. இங்கிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம்னும் பாத்துடுவோம்."

"காபி குடிச்சிட்டுப் பாக்கலாமா டீச்சர்?"

"பந்தயத்துக்கு நடுவுல காபியா?"

கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார்கள். தூண் ஒருவரை மறைக்கும் அளவுக்குத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் விமானி வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ஒரு சிறிய நீலக் காரில் ஏறினாள். கதவைச் சாத்தினாள். கார் கிளம்பவில்லை.

"வண்டி மக்கர் பண்ணுதோ?" என்றார் டீச்சர்.

"இருக்கும். பெட்ரோல் இல்லையோ என்னவோ. வாங்க டீச்சர், நாம பஸ்ஸுக்குப் போயிடலாம்."

"யாருக்காகவாவது காத்திருக்காளோ?"

"இருக்காது டீச்சர். அந்தப் பக்கம் காபி நல்லா இருக்குமாம்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தூணை விட்டு நேராகக் காரை நோக்கி நடந்தார். கிலோமீட்டர் பின்னால் ஓடினார்.

விமானி இருக்கையைப் பின்னால் சாய்த்திருந்தாள். ஷூவைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் ஸ்டியரிங்குக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தாள். மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட். பாட்டு இல்லை, கைப்பேசி இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பிஸ்கட்டாக, எந்த அவசரமும் இல்லாமல், தின்றுகொண்டிருந்தாள்.

டீச்சர் சன்னலுக்கு வெளியே நின்று வெகு நேரம் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்து, மூடினார். பிறகு பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

விமானியின் கால் ஹாரனில் பட்டு அது ஒரு தடவை அலறியது. "அத்தை."

"பேசாதே. பிஸ்கட் மிச்சம் இருக்கா?"

விமானி பாக்கெட்டைப் பின்னால் நீட்டினாள். டீச்சர் இரண்டை எடுத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றி, காலை நீட்டினார். வெளியே நின்ற கிலோமீட்டரைப் பார்த்து, "தம்பி, நீங்களும் ஏறுங்க. வெயில்ல நிக்காதீங்க," என்றார். அவர் முன் இருக்கையில் ஏறினார்.

"வணக்கம் மேடம்," என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் விமானி சாய்ந்திருந்த நிலையிலேயே தலையைத் திருப்பினாள். "நீங்க அந்த ஃபோன் சார்தானே?"

"எந்த ஃபோன்?" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒன்றரை மணி யாருக்காக, நாற்பது நிமிடம் யாருக்காக, மேகம் யாருக்காக, முதலாளியின் கொசுறு என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக வந்தது. விமானி டீச்சரிடம் இந்தக் காரைப் பற்றிச் சொன்னாள். டீச்சர் விமானியிடம் வலை சுருட்டுவதைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிலோமீட்டர் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க ரெண்டு பேரையும் வெச்சு விளையாடினீங்களா தம்பி?"

"எனக்கும் சரின்னுட்டு அவங்களுக்கும் சரின்னிருக்கீங்களே சார்."

"ரெண்டு பேரும் நியாயமா கேட்டீங்க," என்றார் கிலோமீட்டர் பரிதாபமாக. "என்னை யாரும் இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்லைங்க."

விமானி அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

"ஒரு மணி நேரம்தானே. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்," என்றார் டீச்சர், கொஞ்ச நேரம் கழித்து.

"நீங்க கேட்டிருந்தா நானும் நேரா வந்திருப்பேன் அத்தை."

"சரி, இப்ப பேசாதே. நல்லா இருக்கு."

சன்னல் இடுக்கில் காற்று வந்தது. டீச்சர் வாயைத் திறந்து தூங்கிப்போனார். விமானியும் தூங்கினாள். எழுந்து போனால் கதவுச் சத்தத்தில் இருவரும் விழித்துவிடுவார்கள் என்று கிலோமீட்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் தூங்கினார்.

சன்னலை யாரோ படபடவென்று தட்டினார்கள். வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காதில் மாட்டுகிற கருவி கழுத்தில் தொங்கியது, அதன் ஒரு பக்கம் உடைந்திருந்தது. சட்டையில் ஏதோ பச்சை நிறத்தில் கொட்டியிருந்தது. இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு செருப்போடு. டீச்சரின் மகன்தான். அம்மாவும் ஃபோனை எடுக்கவில்லை, மனைவியும் எடுக்கவில்லை என்று டாக்சி பிடித்து வந்திருந்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்றார். அவர் பார்வை முன் இருக்கைக்குப் போனது. "இவர் யாரு?"

"என் தம்பி," என்றார் டீச்சர் தூக்கக் கலக்கத்தில்.

"உனக்குத் தம்பியே கிடையாதேம்மா."

"நான் தூரம் போடுறவனுங்க," என்றார் கிலோமீட்டர். அது எந்த விதத்திலும் உதவவில்லை.

பிள்ளைகள் அதற்குள் அப்பாவின் கையிலிருந்து வழுக்கிக் காருக்குள் ஏறிவிட்டார்கள். ஒருவன் விமானியின் தொப்பியைப் போட்டுக்கொண்டான். இன்னொருத்தி கிலோமீட்டரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பிஸ்கட் மாதிரி கடித்துப் பார்த்தாள்.

"ஒரே ஒரு மத்தியானம்மா," என்றார் மகன். அழுதுவிடுவார் போலிருந்தது. "இதுங்க ரெண்டும் எந்நேரமும் இப்படித்தானா?"

"இன்னைக்கு அடக்கமா இருந்திருக்குங்க," என்றார் டீச்சர். "உன் சட்டையில ஒரு கலர்தான் இருக்கு."

தீர்ப்பு அங்கேயே, அந்தக் காரிலேயே ஆயிற்று. டீச்சர் விரலை மடக்கிச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மாலை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மகன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும். பிள்ளைகள் அவன் பொறுப்பு. மருமகள் காரில் உட்காரலாம். யாரும் கேட்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் காரை டீச்சருக்கும் தர வேண்டும், பிஸ்கட்டோடு. மகன் மறுத்துப் பேச வாயெடுத்தார். பிள்ளை ஒன்று அவர் முதுகில் ஏறியதால் பேச்சு நின்றுபோனது.

கிலோமீட்டர் துறைமுக ஊர்ப் பக்கத்தில் மறுபடியும் ஐம்பத்தைந்து நிமிடம் என்று போட்டார். 'நேரடி அனுபவம்' என்ற தலைப்பில் அவர் எழுதியதில் பாதிக்கு மேல் பிஸ்கட்டைப் பற்றி இருந்ததால் முதலாளி அதை வெளியிடவில்லை. டீச்சர் திறந்து பார்ப்பதை நிறுத்தியதும் பக்கம் படுத்துவிட்டது. வரவிருந்த தொழிற்சாலை கைவிட்டுப் போயிற்று என்று முதலாளி ஒரு வாரம் வருத்தமாக இருந்தார்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார். ஆட்டத்தில் இப்போது அவர்தான் முன்வரிசை ஆடுகிறாராம். விமானி நன்றாக இருக்கிறாளாம்.

"ரொம்ப சந்தோஷம் டீச்சர். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"ஒண்ணே ஒண்ணு. என் மகன் தினமும் பால் வாங்கப் போறான். கடை ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. போயிட்டு வர ஒண்ணேகால் மணி நேரம் ஆகுதுங்கிறான். எங்க வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு ஒரு பக்கம் எழுதி, தமிழ்ல போட்டு விடுங்களேன்."

"ரெண்டு பக்கமும் விமான நிலையம் இருந்தாத்தான் எங்க கணக்குல வரும் டீச்சர்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. கொசுறு மட்டும் போட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் ஃபோனை வைத்தார்.